தாயைப் பார்க்காமல் வாங்கும் குட்டி

"டாய் பாம், ஆண் குட்டி, ஐஸ் ஒயிட், 35 நாள், சாம்பியன் லைன், டெலிவரி உண்டு, சீரியஸ் பையர்ஸ் மட்டும்."

வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் கைபேசி வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் புதிதல்ல. பெயரும் எண்ணும் மாறும், வாசகம் மாறாது. படத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டி, கழுத்தில் ரிப்பன், பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை. தாய் நாய் மட்டும் அந்தப் படத்தில் இருக்காது.

அந்த ஒரு வரியிலேயே ஒரு விதிமீறல் இருக்கிறது. போடுகிறவர் பலருக்கு அது தெரியாது, பார்க்கிறவர் யாருக்குமே தெரியாது. மத்திய அரசு 2017 மே மாதம் அறிவித்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். நம்மூர் வழக்கமோ 'நாப்பத்தஞ்சு நாள் கணக்கு'. குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு கிராக்கி என்பதால் அந்தக் கணக்கும் தேய்ந்து 35-க்கும் 30-க்கும் வந்துவிட்டது.

டெல்டாக்காரர்களுக்கு விலங்கு வாங்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு கறவை மாட்டுக்கு இங்கே நடக்கும் பரிசோதனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். மடியைத் தடவிப் பார்ப்பார்கள். நடக்கவிட்டுக் கால் வைப்பைப் பார்ப்பார்கள். ஒரு வேளையாவது கறந்து பார்க்காமல் கையில் இருக்கும் பணம் அசையாது. (சுழியும் பார்ப்பார்கள். அதற்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். அது வேறு கதை.) 'தாயைப் பார்த்துப் பெண்ணை எடு, பாலைப் பார்த்துப் பசுவை வாங்கு' என்று பழமொழி சொல்லும் மக்கள்தான் இவர்கள்.

இந்த மண்ணிலேயே உருவான மாட்டினம் ஒன்று உண்டு. தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரி ஊரின் பெயரே அதன் பெயர். குட்டையான உடம்பு, திடமான கால், ஆழச் சேற்றிலும் சளைக்காத இழுவை. பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் கன்று வளர வளரச் சாம்பல் நிறமாகும். அந்த உடலை உருவாக்கியது காவிரிக் கடைமடையின் சேறும் உப்புக்காற்றும் வைக்கோலும். இதைக் காப்பாற்றவே திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் அரசு கால்நடைப் பண்ணை நடக்கிறது. வேலைக்கும் மண்ணுக்கும் ஏற்ற உடம்பைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இதே ஊர்க்காரர்கள், நாய் என்று வந்ததும் போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்புகிறார்கள். மாடு பிழைப்பு, நாய் ஆசை. பிழைப்புக்குக் கேட்கும் கேள்விகளை ஆசைக்கு யாரும் கேட்பதில்லை.

வந்த வழி

நம் ஊர்களில் 'பொமேரியன்' என்று வளர்ந்தவை பெரும்பாலும் பொமரேனியன் அல்ல. அவை இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் காலத்தில் ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியாக வந்து, இங்கேயே பெருகி, நம் வெயிலுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் பழகிப்போன நாய். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடுத்தர வர்க்க வீடுகளில் கேட்டுக்கு உள்ளே நின்று குரைத்தது இதுதான். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் வரும் டஃபியும் இதே இனம்தான். பெரிய வைத்தியச் செலவு வைக்காத, மிச்சம் மீதியைத் தின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடந்த நாய் அது.

2003-ல் ஹட்ச் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே நடந்தது. அடுத்த சில வருஷங்களில் நாடு முழுக்க பக். சுருங்கிய முகமும் பிதுங்கிய கண்ணும் கொண்ட அந்த நாய், கால்களால் ஓடுவதைவிட மூச்சுக்காகப் பாடுபடுவதே அதிகம் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. 2018-ல் வோடஃபோன் அதே பக்கைத் திரும்பக் கொண்டுவந்தபோது பீட்டா அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. அதற்குள் ஒரு தலைமுறை அந்த நாயை வளர்த்து, அதன் குறட்டையை 'கியூட்' என்று வீடியோ எடுத்து முடித்திருந்தது.

பக்கிற்குப் பின் ஷிட்சு, பிறகு டாய் பாம் எனப்படும் குட்டிப் பொமரேனியன், சிஹுவாஹுவா, கையில் காசு கூடுதலாக இருப்பவர்களுக்கு பிரெஞ்சு புல்டாக். 2016 ஏப்ரலில் மத்திய அரசு வணிக ரீதியான இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்யத் தடை போட்டது. உள்ளூரில் பெருக்குவதற்கான தேவை மட்டும் குறையவில்லை. உள்ளே இருந்த ரத்தமே திரும்பத் திரும்பக் கலந்தது. 'கல்ச்சர் பாம்', 'மினி பாம்', 'டீகப்' என்று வியாபாரிகள் வைத்த பெயர்கள் பெருகின. டீகப் என்று ஓர் இனத்தை உலகத்தில் எந்த கென்னல் கிளப்பும் அங்கீகரித்ததில்லை. வளர்ச்சி குன்றிய குட்டியையும், வயசு குறைத்துச் சொன்ன குட்டியையும் அந்தப் பெயரில் விற்கலாம் என்பதுதான் அதன் வசதி.

மேஜை மேல் இரண்டு நிமிஷம்

நாய்க் கண்காட்சி என்றதும் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தியாவில் வம்சப் பதிவேட்டை வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் இருப்பது சென்னையில். ஊட்டியில் மே மாத சீசனில் நடக்கும் கண்காட்சிக்குப் பல தலைமுறைப் பழக்கம் உண்டு. பெரிய நாய்களை வளையத்துக்குள் ஓடவிட்டுப் பார்க்கும் நடுவர், சின்ன நாய்களை மேஜை மேல் ஏற்றித்தான் சோதிப்பார். ஹேண்ட்லர் ஒரு கையால் தாடையையும் மறு கையால் வாலையும் தாங்கி நிறுத்துவார். நடுவர் பல்வரிசை, முழங்கால், முதுகு வரி எல்லாவற்றையும் விரல்களால் தடவிப் பார்ப்பார். வெளியே கூடாரத்தில் டிரையரும் சீப்பும் ஓயாமல் ஓடும். சர்வதேச அமைப்பான எஃப்.சி.ஐ. இந்தச் சிற்றினங்களில் பெரும்பாலானவற்றை ஒன்பதாவது பிரிவில் வைத்திருக்கிறது. வேட்டையோ காவலோ அந்தப் பிரிவுக்கு வேலை இல்லை. மனிதனுக்குத் துணையாக இருப்பதுதான் வேலை.

கண்காட்சியை வில்லனாக்குவது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். நாயை வளையத்தில் நிறுத்துகிறவர் நாலு பேருக்குத் தெரிந்தவர். அவர் வளர்த்த நாயின் தாய் தகப்பன் யார் என்று கேட்டலாக்கில் அச்சாகியிருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய் தாய் நாயைப் பார்க்கலாம். முழங்கால் சில்லு நழுவும் நாயை அவர் பெருக்கினால் அடுத்த வருஷம் அந்தத் துறைக்குள்ளேயே பேச்சாகிவிடும். வாட்ஸ்அப் குட்டிக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

ஆனால் கண்காட்சிக்கு ஒரு பழைய வியாதியும் உண்டு. எந்த உருவம் பரிசு வாங்குகிறதோ அந்த உருவத்தையே இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கும் வியாதி. பொமரேனியன் ஒரு காலத்தில் இன்றைய இரண்டு மூன்று கிலோவைப் போலப் பல மடங்கு கனமாக இருந்த நாய். 1888-ல் இத்தாலி போன விக்டோரியா மகாராணி அங்கிருந்து சிறிய பொமரேனியன்களைக் கொண்டுவந்தார். ராணி மடியில் உட்கார்ந்த அளவே ஊருக்கெல்லாம் அளவாயிற்று. மூக்கு விஷயத்தில் இது இன்னும் மோசம். 2003-ல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் உச்சப் பரிசு வென்றது டேனி என்ற பீக்கிங்கீஸ். மூச்சுத் தடையைச் சரிசெய்ய அதன் அண்ணத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வெற்றிப் படத்தின்போது அது ஐஸ் பையின் மேல் உட்கார வைக்கப்பட்டிருந்தது. இதை 2008-ல் பிபிசியில் வந்த 'பெடிகிரி டாக்ஸ் எக்ஸ்போஸ்டு' ஆவணப்படம் உலகத்துக்குச் சொன்னது. அதன் பிறகு பிபிசி கிரஃப்ட்ஸ் ஒளிபரப்பையே கைவிட்டது. இங்கிலாந்து கென்னல் கிளப் பல இனங்களின் இலக்கணத்தைத் திருத்தி எழுதியது. நெதர்லாந்தில் 2019 முதல், மூக்கின் நீளம் மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாயை இனப்பெருக்கம் செய்ய முடியாது. கவாலியர் கிங் சார்லஸ் இனத்தை இன்றைய நிலையில் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று 2023-ல் நார்வே உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நம் ஊருக்கு இந்த விவாதம் வரவில்லை. கண்காட்சியிலிருந்து நம் ஊருக்கு வந்தவை இரண்டு சொற்கள் மட்டும்தான்: 'சாம்பியன் லைன்', 'பேப்பர்'.

"பேப்பரோட வேணுமாண்ணே, பேப்பர் இல்லாமயா?"

விலை கேட்டதும் வரும் முதல் கேள்வி இது. பேப்பர் என்றால் கென்னல் கிளப் பதிவுச் சான்று. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கே பேப்பரோடு ஒரு விலை, பேப்பர் இல்லாமல் ஒரு விலை. வாங்குகிறவர் பேப்பரை ஆரோக்கியச் சான்று என்று நினைத்துக்கொள்கிறார். அது வம்சத்தைத்தான் சொல்லும். குட்டியின் நுரையீரலையோ முழங்காலையோ பற்றி ஒரு வார்த்தை பேசாது.

ஆறு மாதக் கணக்கு

இந்த வியாபாரத்தைப் புரிந்துகொள்ளத் தாய் நாயின் காலண்டரைப் பார்த்தால் போதும். பெண் நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீட்டுக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். சின்ன இனங்களில் ஈற்றுக்கு ஒன்று முதல் மூன்று குட்டிகள்தான் சாதாரணம். லாப்ரடாரைப் போல எட்டு, பத்து என்று போடாது. ஆக, டாய் இனம் வளர்ப்பவருக்கு ஒவ்வொரு குட்டியும் பெரிய பணம், தவறவிடும் ஒவ்வொரு ஹீட்டும் பெரிய நஷ்டம்.

2017 விதிகள் சொல்வது இதற்கு நேர் எதிர். 18 மாதம் ஆகாத பெண் நாயைச் சேர்க்கைக்கு விடக் கூடாது. எட்டு வயது தாண்டினால் கூடாது. 12 மாதத்தில் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. அதாவது இரண்டு ஹீட்டில் ஒன்றைச் சும்மா விட வேண்டும். மனசாட்சியுள்ள வளர்ப்பாளர் விடுகிறார். விடாதவர் அவரைவிட மலிவாக விற்கிறார். சந்தை யாருக்குப் பரிசு கொடுக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் கொடியவர்கள் என்று சொல்லவில்லை. டெல்டா ஊர்களில் குட்டி போட வைப்பவர்களில் பலர் வீட்டோடு இருக்கும் பெண்கள். கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். செல்லத்துக்கு வாங்கிய ஷிட்சு குட்டி போட்டது, இரண்டை விற்றதில் பள்ளிக்கூடக் கட்டணம் வந்தது, அப்படியே தொடர்ந்தது. இவர்கள் நாயைக் கூண்டில் அடைப்பதில்லை, தங்கள் படுக்கையிலேயே போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் பதிவு செய்ய வேண்டும் என்பது தெரியாது. ஒரு வருஷ இடைவெளி என்பது தெரியாது. குட்டியை எடுத்துப்போகும் இடைத்தரகர் முப்பதாம் நாளே வாசலில் நிற்பார். ஆட்டை வாரத்துக்கு விடுவதுபோல் பெண் குட்டியைக் கொடுத்து, போடும் குட்டிகளில் பாதியை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் நாய் வியாபாரத்தில் உண்டு. அங்கே நாய் ஒருவர் வீட்டில், கணக்கு இன்னொருவர் கையில். ஈற்றை நிறுத்தும் முடிவை எடுக்க வேண்டியவர் யார் என்றே தெரியாது.

அந்த முப்பதாம் நாள் ஏன் முக்கியம்? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி கரைந்துகொண்டிருக்கும் நேரம் அது. பார்வோ வைரஸுக்கான முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் போடப்படும். கடிக்கும் வேகத்தை அடக்கவும் மற்ற நாயோடு பழகவும் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் குட்டி கற்கும் காலமும் அதுதான். டாய் இனங்களுக்குக் கூடுதலாக ஓர் ஆபத்து. அரைக் கிலோகூட இல்லாத உடம்பில் சேமிப்பு கிடையாது. சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை சரிந்து, தள்ளாடி, வலிப்பு வந்து விழும். சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸில், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், டிரைவரிடம் சொல்லி அனுப்பப்படும் குட்டி ராத்திரி முழுக்கப் பயணம் செய்து விடிகாலையில் வேளாங்கண்ணி வளைவருகே இறங்குகிறது. இரண்டாம் நாள் வாந்தி, மூன்றாம் நாள் ரத்தக்கழிச்சல். விற்றவருக்குப் போன் போட்டால், "நீங்க பால் குடுத்திருப்பீங்க சார்."

"தாயைப் பாக்கலாமா தம்பி?" என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்களையும் சொல்லிவிடுகிறேன். தாய் ஊருல இருக்கு. தாய் பண்ணையில இருக்கு. தாயைப் பாத்தா கடிக்கும்ணே.

கஜாவுக்குப் பிறகு

மூக்கு நீளம் என்பது இங்கிலாந்து, நெதர்லாந்து விவகாரம் என்று நினைக்க வேண்டாம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கும் தொண்டையும் குறுகிய பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சு போன்றவற்றுக்கு அந்த வழியே அடைபட்டுக் கிடக்கிறது. காற்றில் ஈரம் அதிகமானால் இரைப்பதும் பலன் தராது. கத்திரி வெயிலில் நாகைக் கடற்கரையில் என்ன புழுக்கம் இருக்கும் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்க வேண்டிய உடல் 106-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

ஏசி இருக்கிறதே என்பார்கள். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மனிதனுக்கே குடிதண்ணீர் இல்லாத நாட்கள் அவை. நல்லவேளை, அது நவம்பர். சுனாமியும் புயலும் மின்வெட்டும் வாழ்க்கையின் பகுதியாகிவிட்ட ஒரு கரையில், மின்சாரம் இருந்தால்தான் மூச்சுவிடும் பிராணியை வாங்குமுன் இதை யோசித்தாக வேண்டும்.

வைத்தியம் இன்னொரு பாடு. பெரிய தலையும் குறுகிய இடுப்பும் கொண்ட பிரெஞ்சு புல்டாக், சிஹுவாஹுவா போன்றவற்றுக்குப் பிரசவம் அடிக்கடி அறுவை சிகிச்சையில் முடிகிறது. நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களின் நாள் முழுதும் மாட்டுக்கும் ஆட்டுக்குமே போய்விடும், அதுதான் நியாயமும்கூட. டெல்டாவில் பெரிய கால்நடை மருத்துவமனை வேண்டுமென்றால் 2012-ல் தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். வேளாங்கண்ணியிலிருந்து மன்னார்குடி வழியாகப் போனாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. நடு ராத்திரியில் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்ட நாய்க்கு இரண்டு மணி நேரம் பெரிய தூரம்.

சட்டம் இருக்கிறது

விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1950-களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியவர் கலாக்ஷேத்ரா நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அதன் விளைவாக வந்ததே 1960-ஆம் ஆண்டுச் சட்டம். 1962-ல் தொடங்கிய இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே தொகைதான் இருக்கிறது. ஒரு டாய் பாமின் விலை பல ஆயிரங்களில் தொடங்குகிறது.

2017 விதிகளின்படி நாய் பெருக்கும் ஒவ்வொருவரும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். தடுப்பூசி போட்டு, மைக்ரோசிப் பொருத்தியே விற்க வேண்டும். காகிதத்தில் குறை சொல்ல முடியாத விதிகள். 2024-ல் தமிழ்நாடு அரசு தனியாக ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையையும் வெளியிட்டது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்நாட்டு நாய்களோடு பக்கையும் பிரெஞ்சு புல்டாக்கையும் நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று அது பட்டியலிட்டது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு இனங்களை ஊக்குவிக்கச் சொன்னது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா எதிர்த்தது. கொள்கை வெளிவந்த வேகத்திலேயே சிக்கலில் மாட்டிக்கொண்டது.

என் கருத்தைச் சொல்கிறேன். இனத்தின் பெயரைச் சொல்லித் தடை போடுவதில் பாதிப் பலன்தான். பக்கைத் தடுத்தால் ஷிட்சுவின் மூக்கு சுருங்கும். தடுக்க வேண்டியது முகம் தெரியாத விற்பனையை. இங்கிலாந்து அதைத்தான் செய்தது. வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற கவாலியர் நாயின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் அங்கே 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகரும் கடையும் விற்க முடியாது. வாங்க வேண்டுமானால், குட்டி பிறந்த இடத்துக்குப் போய், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நம் பழமொழியை அவர்கள் சட்டமாக்கியிருக்கிறார்கள்.

இங்கே அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதிவு பெற்ற வளர்ப்பாளர்களின் பட்டியலை மாநில விலங்கு நல வாரியம் மாவட்ட வாரியாக அச்சிட்டு ஒவ்வொரு கால்நடை மருத்துவமனை வாசலிலும் ஒட்டட்டும். வேளாங்கண்ணி பேரூராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒரு பிரதி இருக்கட்டும். வீட்டில் இரண்டு நாய் வைத்துப் பெருக்கும் பெண்கள் அலையாமல் பதிவு செய்ய, கால்நடை மருத்துவரே மாதம் ஒரு நாள் முகாம் நடத்தட்டும். வாங்குகிறவர்கள், 56 நாள் ஆகாத குட்டிக்கும் தாயைக் காட்டாத வியாபாரிக்கும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.